தாத்தா பாட்டியுடன் ஸ்ரீரங்கம்: ஒரு வேளைக்கு ஓர் இடம், ஒரு ருசி

முதியவர்களை அழைத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் வரும் குடும்பங்களின் திட்டம் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கிறது. காலையில் பெரிய கோயில், அடுத்து திருவானைக்காவல், வெயில் ஏறுவதற்குள் மலைக்கோட்டை, சாப்பிட்டதும் சமயபுரம், மாலையில் முக்கொம்பு அல்லது கல்லணை, இரவு ரயில். தூரத்தை மட்டும் கணக்கிட்டால் இது ஒரே நாளில் முடிந்துவிடும். எல்லாமே திருச்சியைச் சுற்றி அரை மணி, முக்கால் மணி நேரப் பயணத்தில் இருப்பவைதான். ஆனால் எழுபது வயதைக் கடந்தவர்களுடைய பயணத்தைக் கிலோமீட்டரில் அளப்பது தவறு. எத்தனை முறை உட்கார முடியும், எப்போது சாப்பிட முடியும், எங்கே கழிப்பறை இருக்கிறது, எவ்வளவு தூரம் வெறுங்காலில் நடக்க வேண்டும் ஆகிய நான்கும்தான் அந்தப் பயணத்தின் உண்மையான அளவுகள். இந்த அத்தியாயம் வற்புறுத்தும் விதி ஒன்றுதான்: ஒரு வேளைக்கு ஓர் இடம், அந்த இடத்தோடு சேர்த்து ஒரு ருசி. முதியவர்களுக்காக நாம் விட்டுக்கொடுக்கும் சலுகை என்று இதை நினைக்க வேண்டாம். ஸ்ரீரங்கத்தை முழுதாக அனுபவிக்க எந்த வயதினருக்கும் இதுவே சரியான முறை.

கோயிலின் அளவிலிருந்தே தொடங்கலாம். அரங்கநாதர் கோயில் 156 ஏக்கரில், ஏழு பிராகாரங்களும் 21 கோபுரங்களுமாக விரிந்திருக்கிறது. இதைக் கோயில் என்பதைவிடக் கோயிலுக்குள் இருக்கும் ஊர் என்று சொல்வதே பொருத்தம். தெற்கு ராஜகோபுரத்தில் இறங்கி நடக்கத் தொடங்குபவர் அடையவளஞ்சான் வீதி, சித்திரை வீதி, உத்திர வீதி என்று வீடுகளும் கடைகளும் நிறைந்த தெருக்களைக் கடந்த பிறகே ரங்கா ரங்கா கோபுரத்தை அடைகிறார். அங்கிருந்து ரங்கவிலாச மண்டபம், கார்த்திகை கோபுர வாசல், ஆர்யபடாள் வாசல் என்று உள்ளே போக வேண்டும். தாயார் சன்னதி, சக்கரத்தாழ்வார், ராமானுஜர், தன்வந்திரி சன்னதிகளும் ஒன்றுக்கொன்று தள்ளியே இருக்கின்றன. முட்டிவலி உள்ள ஒருவர் இவை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சேவிக்கும்போது, பிற்பாதியில் கண்ணுக்கு முன் இருப்பது சிற்பமாக இராது; அடுத்து எங்கே உட்காரலாம் என்ற தேடலாகத்தான் இருக்கும்.

உடலின் நியாயமும் இதையே சொல்கிறது. வயதாக ஆகத் தாக உணர்வு மங்குகிறது. உடம்பில் நீர் குறைந்த பிறகும் தாகம் தெரிவதில்லை. கழிப்பறை கிடைக்குமோ என்ற அச்சத்தில் பலர் வேண்டுமென்றே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். சிலருக்கு வயிறு நிறையச் சாப்பிட்டதும் ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றல் வருகிறது. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்குச் சாப்பாடு ஒரு மணி நேரம் தள்ளிப்போனாலும் தாழ்சர்க்கரை வரலாம். ஏறும்போது தெரியாத முட்டி வலி இறங்கும்போதுதான் தன்னைக் காட்டும். இவற்றை நோயின் பட்டியலாகப் பார்க்க வேண்டியதில்லை. நாளை எப்படி வகுப்பது என்பதற்கான குறிப்புகள் இவை. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஓய்வு, ஒவ்வொரு நிறுத்தத்திலும் தண்ணீர், கழிப்பறை இருக்கும் இடத்தை முன்கூட்டியே பார்த்து வைத்தல் ஆகிய மூன்றும் திட்டத்தின் முதல் வரிகளாக இருக்க வேண்டும். கோபுரங்களின் பெயர்களை அதற்குப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.

இதற்கு மேலான சான்று கோயிலின் நடைமுறையிலேயே இருக்கிறது. உற்சவரான நம்பெருமாள் புறப்பாட்டின்போது நேராகப் போய்த் திரும்புவதில்லை. வழியில் உள்ள மண்டபங்களில் எழுந்தருளி, அங்கே அமுது கண்டருளி, ஆஸ்தானம் முடிந்த பிறகே அடுத்த இடத்துக்கு நகர்கிறார். ஆடிப்பெருக்குக்கு அம்மா மண்டபத்துக்கு எழுந்தருளும்போதும், பங்குனியில் கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தி காண உறையூருக்குப் போகும்போதும், தங்குவதும் அமுது செய்வதும் அந்த உற்சவத்தின் பகுதிகளே. ஸ்ரீரங்கத்தில் இத்தனை மண்டபங்கள் இருப்பதன் காரணமும் இதுதான். உட்கார்ந்து, சாப்பிட்டு, மறுபடி எழுந்து நடப்பதற்காகவே கட்டப்பட்ட ஊரில், நிற்காமல் ஓடிப் பார்ப்பது அந்த ஊரின் அமைப்புக்கே எதிரானது.

ருசிக்கும் முறை

நாசிக் திராட்சைத் தோட்டங்களுக்கோ, பிரான்ஸ், ஆஸ்திரேலியா என்று பிள்ளைகள் குடியேறிய நாடுகளுக்கோ போய்வந்த தாத்தா பாட்டிகள் சிலர் அங்கே வைன் ருசிபார்க்கும் கூடங்களைக் கண்டிருப்பார்கள். அந்தக் கூடங்களின் ஒழுங்கு கவனிக்கத்தக்கது. வந்தவரை உட்கார வைக்கிறார்கள். ஒவ்வொரு வகையிலும் சில மடக்குகள்தான் ஊற்றுகிறார்கள். மென்மையானதில் தொடங்கி அழுத்தமானதில் முடிக்கிறார்கள். நடுவே தண்ணீரும் ரொட்டித் துண்டும் தருகிறார்கள். விழுங்காமல் துப்பிவிடுவதும் அங்கே மரியாதைக் குறைவில்லை. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் மதுவைத் தொடாமல் இருப்பதே நல்லது. ஸ்ரீரங்கத்துப் பயணத்தில் வைனுக்கு இடமே இல்லை. ஆனால் சிறிது சிறிதாக, உட்கார்ந்து, ஒப்பிட்டு, பேசிக்கொண்டே ருசிக்கும் அந்த ஒழுங்குக்கு இங்கே தாராளமாக இடம் உண்டு. அதற்கு ஏற்ற பொருளும் திருச்சியில் குறைவில்லை.

முதலில் வாழைப்பழம். காவிரிக் கரையின் வாழைச் சாகுபடியை ஒட்டித்தான் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் 1993-இல் திருச்சியில் நிறுவப்பட்டது. காந்தி மார்க்கெட்டிலும் ஸ்ரீரங்கத்துக் கடைகளிலும் ஐந்தாறு வகைகள் சாதாரணமாகக் கிடைக்கும். சீப்பாக வாங்காமல் வகைக்கு ஒன்றிரண்டு பழம் வாங்கி, அறைக்குக் கொண்டுவந்து, நறுக்கித் தட்டில் வைத்து எல்லோரும் ஒரு துண்டு எடுத்துக்கொள்ளலாம். இனிப்பு அடக்கமான பச்சநாடனில் தொடங்கி, லேசான புளிப்போடு வரும் பூவன், மணமுள்ள ரஸ்தாளி, சிறுத்து இனிக்கும் ஏலக்கி என்று போய், இனிப்பில் எல்லாவற்றையும் மிஞ்சும் கற்பூரவல்லியில் முடிப்பது நல்ல வரிசை. கற்பூரவல்லியை முதலில் சாப்பிட்டால் மற்றவை சப்பென்று ஆகிவிடும். இந்த ருசிபார்த்தலில் பேரப்பிள்ளைகளுக்குத் தாத்தா பாட்டிதான் ஆசிரியர்கள். எது பூஜைக்கு, எது குழந்தைக்கு, எது மலச்சிக்கலுக்கு, எந்தப் பழம் எத்தனை நாள் தாங்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். ஓர் எச்சரிக்கையும் அவசியம். சிறுநீரகக் கோளாறுக்காகப் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் வாழைப்பழத்தைத் தவிர்க்க வேண்டும். சர்க்கரை உள்ளவர்கள் கனிந்து கறுத்த பழத்தை விட்டு, சற்றுக் கெட்டியான பழத்தில் ஒரு துண்டோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அடுத்தது காபி. ஸ்ரீரங்கத்து வீதிகளில் விடியற்காலையிலேயே டிகாக்‌ஷன் மணக்கும். ஒரே கடையில் ஒரு முழு காபியைவிட, இரண்டு நாளில் இரண்டு மூன்று கடைகளில் பாதிப் பாதியாகப் பகிர்ந்து குடித்தால் டிகாக்‌ஷனின் அழுத்தமும் பாலின் கெட்டியும் சிக்கரியின் அளவும் கடைக்குக் கடை எப்படி மாறுகின்றன என்று தெரியும். சர்க்கரையைத் தனியாகக் கேளுங்கள், தயங்காமல் தருவார்கள். தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில் போடுபவர்கள் அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே காபி குடிக்க வேண்டும் என்பதை விடியற்காலை சேவைக்குக் கிளம்பும் அவசரத்தில் மறந்துவிட வேண்டாம்.

மூன்றாவது பிரசாதம். கோயில் மடப்பள்ளியில் தளிகையாகி வருவதைச் சாப்பாடாக நினைத்து வயிறு நிரப்பாமல் ருசியாக எடுத்துக்கொள்வதே அதன் மரபுக்கும் பொருந்தும். ஒவ்வொரு சன்னதியின் தளிகைக்கும் ஒரு கதை உண்டு. துலுக்க நாச்சியார் சன்னதியில் ரொட்டியும் வெண்ணெயும் அமுது செய்யப்படுவது அவற்றில் ஒன்று. சமயபுரத்துக்குப் போகிறவர்கள் மாசிக் கடைசி ஞாயிறு முதல் 28 நாட்கள் நடக்கும் பச்சைப் பட்டினி விரதத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. பக்தர்களுக்காக மாரியம்மனே விரதம் இருக்கும் அந்த நாட்களில் துள்ளுமாவும் நீர்மோரும் பானகமும் இளநீரும்தான் நைவேத்தியம். வெயில் ஏறும் பருவத்தில் வயதான உடம்புக்கு எது இதம் என்பதற்கு இதைவிடத் தெளிவான பட்டியல் தேவையில்லை. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற மணப்பாறை முறுக்கை மட்டும் பல்செட் வைத்தவர்கள் கவனமாகக் கையாள வேண்டும். சிறு துண்டாக ஒடித்து வாயில் ஊறவிட்டால் ருசிக்குக் குறைவிராது.

காலமும் வாசலும்

எந்த மாதத்தில் வருவது என்பதிலும் முதியவர்களை முன்வைத்தே முடிவெடுக்க வேண்டும். ஏப்ரல் முதல் ஜூன் வரை திருச்சி வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தொடுவது வழக்கம். கல் தரையில் வெறுங்காலோடு நடப்பது இளைஞர்களுக்கே கடினம். மார்கழியில் குளிர்ச்சி இருந்தாலும் பகல் பத்து, ராப் பத்து நாட்களின் கூட்டம் முதியவர்களுக்குத் தாங்காது. அந்த நாட்களின் முத்தங்கி சேவையைக் காண வேண்டும் என்று அவர்களே ஆசைப்பட்டால், வைகுண்ட ஏகாதசி நாளைத் தவிர்த்து வேறொரு நாளைத் தேர்ந்தெடுங்கள். தை, மாசி மாதங்கள் எல்லா வகையிலும் ஏற்றவை. ஆனி மாத ஜேஷ்டாபிஷேகத்துக்குப் பிறகு மூலவரான பெரிய பெருமாளுக்குத் தைலக்காப்பு சாத்தப்படுவதால் சில வாரங்கள் திருவடி சேவை கிடைக்காது. திருவடியைச் சேவிக்கவே வெகுதூரத்திலிருந்து வரும் பாட்டிக்கு இது பெரிய ஏமாற்றம். புறப்படும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். பூஜை நேரங்களில் தரிசனம் இடையிடையே நிறுத்தப்படும் என்பதால் அன்றைய நேரத்தையும் கேட்டுக்கொள்வது அவசியம்.

எந்த வாசலில் இறங்குவது என்பது அதற்குச் சமமாக முக்கியம். சேவைக்குப் போகும் வேளையில் ராஜகோபுரத்தை நின்று பார்த்துவிட்டு ஆட்டோவில் உத்திர வீதி வரை போய் இறங்குங்கள். சிற்பங்களைப் பார்க்கும் வேளையில் கிழக்கே வெள்ளைக் கோபுரத்தின் வழியாக நுழையுங்கள். ஆயிரங்கால் மண்டபமும், பாயும் குதிரைகளின் தூண்களுக்குப் பெயர்போன சேஷராயர் மண்டபமும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. நடை பாதியாகக் குறையும். கோயிலுக்குள் முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பேட்டரி கார் ஓடுகிறது. சக்கர நாற்காலியும் கிடைக்கும். ரயிலில் வருபவர்கள் திருச்சி சந்திப்பு வரை போகாமல், ஸ்ரீரங்கத்திலேயே நிற்கும் வண்டியைத் தேர்ந்தெடுத்தால் கோயிலருகே இறங்கலாம். பயணச்சீட்டு எடுக்கும்போது வயதைச் சரியாகக் குறிப்பிட்டு, கீழ்ப்படுக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

மறுப்புகளும் விடைகளும்

இந்த விதிக்கு எழும் முதல் மறுப்பு முதியவர்களிடமிருந்தே வரும். “இவ்வளவு தூரம் வந்துட்டு உச்சிப் பிள்ளையாரைப் பாக்காமப் போறதா?” என்பார்கள். நியாயமான கேள்வி. மலைக்கோட்டைக்கு நானூறுக்கும் மேற்பட்ட படிகள்; பாதி வழியில் தாயுமானவர் கோயில், அடிவாரத்தில் மாணிக்க விநாயகர். முடிவை அவர்கள்தான் எடுக்க வேண்டும். ஆனால் படிக்கட்டின் முன் நிறுத்திக் கேட்டால் மனம் காலை முந்திக்கொள்ளும். முதல் நாள் இரவே படிக்கணக்கைச் சொல்லி, மாணிக்க விநாயகரோடு நிறுத்துவது, தாயுமானவர் வரை போவது, உச்சி வரை ஏறுவது என்று மூன்று வழிகளையும் வைத்துவிடுங்கள். உச்சிக்கு ஏறுவதென்றால் அந்த நாளில் வேறெதுவும் வேண்டாம். ஏறாதவர்கள் தெப்பக்குளத்தின் அருகிலிருந்து மாலை வெயிலில் மலையைப் பார்க்கலாம். காவிரிப் பாலத்தைக் கடக்கும்போது ஒரு பக்கம் மலைக்கோட்டையும் மறுபக்கம் ராஜகோபுரமும் தெரியும்.

இரண்டாவது மறுப்பு இளையவர்களுடையது: இந்த வேகத்தில் போனால் பிள்ளைகளுக்குச் சலிப்பு வராதா? எல்லோரும் எப்போதும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்று நினைத்தால் வரும். மதிய ஓய்வு நேரத்தில் பெரியவர்கள் படுத்திருக்கட்டும். ஒருவர் துணையிருக்க, மற்றவர்கள் பிள்ளைகளை மேலூரில் 2015-இல் திறக்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்கு அழைத்துப் போகலாம். அதைவிட வலுவான விடை ஒன்று உண்டு. 236 அடி உயர ராஜகோபுரத்துக்கு 1987 மார்ச்சில்தான் குடமுழுக்கு நடந்தது. அதற்கு முன் நூற்றாண்டுகளாக அது முடிவுபெறாத அடித்தளமாக, மொட்டைக் கோபுரமாக நின்றது. இன்று எழுபதைத் தாண்டிய, இந்தப் பக்கத்தைச் சேர்ந்த யாரும் அந்த மொட்டைக் கோபுரத்தைக் கண்ணால் பார்த்திருப்பார்கள். எந்த வழிகாட்டி நூலாலும் தர முடியாத சாட்சியம் அது. அதைக் கேட்க அவர்களை ஓரிடத்தில் உட்கார வைத்தால்தான் முடியும்.

மூன்றாவது மறுப்பு ஆசாரம் பற்றியது. சேவை ஆகாமல் வாயில் நீர் படக்கூடாது என்பவர்கள், ஏகாதசியன்று பட்டினி இருப்பவர்கள், வெளியில் சாப்பிடவே மாட்டேன் என்பவர்கள் நம் வீடுகளில் நிறைய. இவர்களிடம் ருசிபார்க்கும் திட்டத்தைத் திணிப்பது அன்பாகாது. அவர்கள் விதிக்கு ஏற்பத் திட்டத்தை மாற்றுங்கள்: சேவையை விடியற்காலைக்கு வைத்து, காபியைப் பின்னுக்குத் தள்ளி, பழத்தையும் பிரசாதத்தையும் மட்டும் அவர்கள் பங்காக்குங்கள். ஆனால் மாத்திரை சார்ந்த விஷயத்தில் மட்டும் உறுதியாக இருங்கள். இன்சுலின் போடுபவர் விரதம் இருப்பதா என்பதை மருத்துவரோடு பேசி, வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுக் கிளம்ப வேண்டும். சர்க்கரை உள்ளவருக்கு ருசியே ஆபத்து என்ற அச்சத்துக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. ருசி சாப்பாட்டோடு கூடுதலாகச் சேரக்கூடாது. சாப்பாட்டின் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு அதன் இடத்தில் வர வேண்டும்.

கடைசி மறுப்பு செலவு. ஒரு நாளில் முடிவதை மூன்று நாளாக்கினால் அறை வாடகை கூடும் என்பது உண்மைதான். ஆனால் நாள் முழுக்க வண்டி அமர்த்தும் செலவு குறைகிறது. ஸ்ரீரங்கத்துக்குள் குறுகிய தூரத்துக்கு ஆட்டோ போதும். கொள்ளிடக் கரையருகே அறநிலையத் துறையின் யாத்ரி நிவாஸ் இருக்கிறது. கோயிலில் 2012 முதல் நாள் முழுவதும் அன்னதானம் நடக்கிறது. மூன்று நாள் கிடைக்காதவர்கள் இடங்களைக் குறைக்கட்டும். பெரிய கோயிலும் திருவானைக்காவலும் மட்டும் போதும்.

திட்டம்

மூன்று நாள் இருந்தால் இப்படி வகுக்கலாம். முதல் நாள் காலை பெரிய கோயிலில் பெருமாளும் தாயாரும். பிறகு காபி, டிபன், மதியம் முழு ஓய்வு. மாலை வெள்ளைக் கோபுரம் வழியாகச் சிற்பங்கள், அரை மணி நேரம் மண்டபத்தில் உட்காருதல், இரவு லேசான உணவு. இரண்டாம் நாள் முற்பகல் திருவானைக்காவல். பஞ்சபூதத் தலங்களில் நீருக்குரிய இந்தக் கோயிலின் பிராகாரங்கள் அகலமும் நிழலும் கொண்டவை. கருவறை வாசல் தாழ்ந்தது; குனிய முடியாதவர்கள் முன்னுள்ள ஒன்பது துளைச் சாளரத்தின் வழியாகவே சம்புகேசுவரரைத் தரிசிக்கலாம். உச்சிகாலத்தில் அர்ச்சகர் புடவை அணிந்து, அகிலாண்டேஸ்வரியாக வந்து சுவாமிக்குப் பூஜை செய்வதைக் காணாமல் திரும்ப வேண்டாம். 1943-இல் தொடங்கிய பார்த்தசாரதி விலாஸின் நெய் தோசை அருகிலேயே. ஒரு தோசையை இரண்டு பேர் பகிரலாம். மாலையில் தெப்பக்குளம். காந்தி மார்க்கெட்டின் நெரிசலுக்குள் பெரியவர்களை அழைத்துப் போகாமல் இளையவர் ஒருவர் போய்ப் பழம் வாங்கி வரட்டும். இரவில் அறையில் வாழைப்பழ ருசி. மூன்றாம் நாள் சமயபுரம், அல்லது காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்பு. இரண்டில் ஒன்று மட்டும்.

இந்த அட்டவணையை அப்படியே பின்பற்ற வேண்டும் என்பதில்லை. உங்கள் தாத்தா பாட்டியின் முட்டியும் மாத்திரைப் பெட்டியும் ஆசையும் எங்களுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். எனவே டிக்கெட் எடுக்கும் முன் அவர்களோடு உட்கார்ந்து, “எதைப் பாக்கலேன்னா உங்களுக்கு மனசு கேக்காது?” என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் இரண்டு மூன்று பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். அவைதான் உங்கள் திட்டம். மற்றதெல்லாம் நேரம் இருந்தால் மட்டும்.